பேப்பர் ஒட்டும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

(எடமலைப்பட்டி புதூர் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் நம்ம குழு அக்கா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று குழுவில் கடன் வாங்கி, பாட்டி காலத்துச் சுண்ணாம்புச் சுவரில் பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டியிருந்தார். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. ஓரமெல்லாம் உரிந்து தொங்குகிறது. பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. பேப்பர் போய்விட்டது, தவணை மட்டும் மிச்சம். "சுவர் எப்படி இருக்குக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் கடனுக்குச் சரி சொன்ன நாங்களும் இதற்குப் பொறுப்புதான்.

ஏன் உரிந்தது? பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை இழுக்கும். பிறகு காற்றில் விட்டுவிடும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

அதனால் ஒட்டும் முன் நான்கு வேலை செய்யுங்கள்:

1. சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் பசை நிற்காது. தேய்த்து எடுத்து, பட்டி பார்த்துக் காய விட வேண்டும்.

2. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் பேப்பர் வேண்டாம்.

3. பழைய பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள்; நனைத்துச் சுரண்டுங்கள். 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் கூடுதலாக இருக்கலாம். ஈயத் தூள் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

4. கணக்குப் போடுங்கள். வழக்கமான ரோல் 21 அங்குல அகலம், 33 அடி நீளம். பத்துக்குப் பத்து சுவருக்கு ஆறு பட்டை. ஒரு ரோலில் மூன்று பட்டை. ஆக இரண்டு ரோல். பெரிய பூ டிசைன் பொருந்த வேண்டுமானால் மூன்றாவதும் தேவைப்படலாம்.

ஒட்டிய பிறகு மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். வெறும் காகிதத்தில் ஈரத்துணி படக் கூடாது. அடுப்படிச் சுவரில் ஒட்டாதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

ஈரச் சுவரா? வெட்கப்படாமல் சுண்ணாம்பு அடியுங்கள். செலவு குறைவு, சுவரும் மூச்சு விடும். நீற்றும்போது மட்டும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா வீட்டில் இப்போது பேப்பரை உரித்துவிட்டோம். சுவர் காய்கிறது. தைக்குள் வெள்ளையடித்துவிடலாம். இனி வீட்டு வேலைக்குக் கடன் கேட்டு வந்தால், தீர்மானம் எழுதும் முன் குழுவில் இரண்டு பேர் போய்ச் சுவரைப் பார்த்து வருவோம். சரிதானே?