பழைய மோடமும் அதன் மறைந்த ஆற்றல்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறுபட்டது. நம்மில் பலருடைய வீட்டுப் பரண்மேல், பழைய பாத்திரங்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களுக்கும் நடுவே, கையகலப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கக்கூடும். மோடம் என்பது அதன் பெயர். தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு, ஒரு காலத்தில் அஞ்சல்காரர் செய்த பணியை அது செய்தது. அதனுள்ளே, அதனை வாங்கியவர்களே அறியாத ஆற்றல்கள் சில உறங்கிக் கிடந்தன. அவை யாவை, எவ்வாறு எழுப்பப்பட்டன, அவற்றால் நாம் பெறும் படிப்பினை யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

முதற்கண் மோடத்தின் தொழிலைச் சுருங்கக் கூறுவோம். கணிப்பொறி அறிந்தவை ஒன்றும் சுழியுமே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமப்பதற்கென அமைந்தது. ஏறத்தாழ 300 ஹெர்ட்சு முதல் 3,400 ஹெர்ட்சு வரையிலான ஒலியே அதில் செவ்வையாகச் செல்லும். எண்களை ஒலியாக்கி அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் தொழில். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, இல்லங்களுக்குள் அது நுழைந்த வாயில் இதுவே. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஒரு லட்சம் பைட் அளவுள்ள நிழற்படம் ஒன்று வந்து சேர ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். பேரக் குழந்தையின் முகம் நெற்றியிலிருந்து முகவாய் வரை வரிவரியாகத் திரையில் இறங்குவதைக் காத்திருந்து கண்ட தலைமுறை நம்முடையது.

இப்பெட்டிக்குக் கட்டளை இடுவது எங்ஙனம்? இதற்கு நல்விடை கண்டவர்கள் அமெரிக்காவின் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்னும் இருவர். அவர்கள் 1981-இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் என்னும் கருவியின் வேகம் நொடிக்கு 300 பிட்டே. ஆயினும், செய்தி செல்லும் அதே வழியில் கட்டளையையும் ஏற்கும் முறையை அது நிலைநாட்டியது. கட்டளைகள் பெரும்பாலும் ‘ஏ.டி.’ என்னும் ஈரெழுத்துகளில் தொடங்கும். ‘கவனி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. ‘ஏ.டி.டி.டி.’ என்று எழுதி எண்ணைக் கொடுத்தால் பெட்டி எண்ணைச் சுழற்றும், ‘ஏ.டி.எச்.’ என்றால் தொடர்பைத் துண்டிக்கும். பிற நிறுவனங்களும் இம்மொழியையே மேற்கொண்டமையால், இது மோடங்களின் பொதுமொழி ஆயிற்று.

இனி மறைந்த ஆற்றல்களுக்கு வருவோம். அவற்றை மூவகையாகப் பகுத்துக் காணலாம். நூலில் இருந்தும் படிக்கப்படாதவை முதல் வகை. பயன்படுத்துவோர் நூலில் எழுதப்படாதவை இரண்டாம் வகை. விலை கருதிப் பூட்டி வைக்கப்பட்டவை மூன்றாம் வகை.

முதல் வகையே நம்போன்ற குடியிருப்புகளுக்குப் பெரிதும் உதவியது. தொழிற்சாலைக் காலனிகள் பலவற்றில் வீட்டுத் தொலைபேசி, உள் இணைப்பகம் ஒன்றின் வழியாகவே வெளியுலகை எட்டும். முதலில் சுழியத்தைச் சுழற்றி, வெளி இணைப்புக் கிடைத்த பின்னரே எண்ணைச் சுழற்ற வேண்டும். உள் இணைப்பகம் எழுப்பும் ஒலி, மோடம் எதிர்பார்க்கும் ஒலியினின்று வேறுபட்டிருந்தால், ‘சுழற்றொலி இல்லை’ என்று கூறி அது வாளா இருந்துவிடும். பெட்டி பழுதென்று கடைக்கு எடுத்துச் சென்றவர் பலர். பழுது யாதும் இல்லை! ‘ஏ.டி. எக்ஸ் 3’ என்று ஒரு கட்டளை இட்டால், அவ்வொலிக்குக் காத்திராமல் மோடம் எண்ணைச் சுழற்றும். சுழியத்துக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால், வழக்கமாக இரண்டு நொடி பொறுத்து மேலே செல்லும். ஒரு கட்டளையும் ஒரு காற்புள்ளியும் ஒரு குடும்பத்தை உலகோடு இணைத்தன.

மழைக்காலத்தில் கம்பியின் இணைப்புகளில் ஈரம் ஏறினால் இரைச்சல் மிகும், தொடர்பு அறுபடும், மீண்டும் அழைக்க மீண்டும் கட்டணம். இதற்கும் மருந்து உள்ளேயே இருந்தது. மோடத்தினுள் ‘எஸ்’ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் பெயராகக் கொண்ட நினைவறைகள் பல உள. எதிர்முனையின் ஒலி மறைந்தபின் எவ்வளவு நேரம் பொறுத்துத் தொடர்பைத் துண்டிப்பது என்பதைப் பத்தாம் அறை உரைக்கும். பல மோடங்களில் அதில் 14 என்று இருக்கும்; நொடியில் பத்திலொரு பங்காக எண்ணினால் அது 1.4 நொடி. அதனை 50 ஆக்கினால் ஐந்து நொடி பொறுக்கும், சிறு தடங்கல் கடந்துபோகும், கடிதம் தப்பும். பொறுமை மனிதர்க்கு மட்டுமன்றிக் கருவிக்கும் அணியாகும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வகை இன்னும் சுவையுடையது. தொழிற்சாலையில் சோதனை செய்வோர்க்கென அமைந்த கட்டளைகள் சில, பயன்படுத்துவோர்க்குரிய கையேட்டில் இடம்பெறா. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் மோடங்கள் பலவற்றில், ஒரு தொடர்பு முடிந்தபின் ‘ஏ.டி. ஒய் 11’ என்று எழுதினால் எண்களின் பட்டியல் ஒன்று தோன்றும். 150 ஹெர்ட்சிலிருந்து 3,750 ஹெர்ட்சு வரை, 150-க்கு ஒன்றாக 25 படிகளில், நம் கம்பி ஒலியை எவ்வாறு கடத்தியது என்பதை அது காட்டும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது அது. ‘நும் பெட்டியே குற்றமுடையது’ என்று தொலைபேசித் துறையினர் கூறினால், உயர் ஒலிகள் எவ்விடத்தில் சரிகின்றன என்பதைத் தாளில் எழுதிக் காட்ட இயலும். அறிவு கையில் இருந்தால் வழக்கு எளிதாகும்.

மூன்றாம் வகையே சிந்தனைக்குரியது. அந்நிறுவனம் கூரியர் என்னும் உயர்விலை மோடத்தையும் ஸ்போர்ட்ஸ்டர் என்னும் குறைவிலை மோடத்தையும் விற்றது. நொடிக்கு 14,400 பிட் வேகமுடைய ஸ்போர்ட்ஸ்டர்கள் சிலவற்றில், ‘ஜி.டபிள்யூ.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும் கட்டளையால் நினைவகத்தின் ஓரிரு இடங்களில் மாற்றம் செய்தால், கூரியருக்கு உரியதெனக் கருதப்பட்ட எச்.எஸ்.டி. முறையும் 16,800 பிட் வேகமும் வெளிப்பட்டன. வாங்கியவர் பெட்டியில் ஆற்றல் முன்னரே இருந்தது. இரண்டொரு எண்களே அதனை மறைத்திருந்தன.

இது முறையா என்று கேட்போர் உண்டு. ஆற்றலை ஆராய்ந்து கண்டவர் உழைப்புக்கு ஊதியம் வேண்டாமா என்று நிறுவனத்தார் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் உறுதியாகக் கூறுவோம். விலை கொடுத்து வாங்கிய பொருளினுள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. மாற்றிய பெட்டியை உயர்விலைப் பெட்டி என்று பிறருக்கு விற்பது வஞ்சனை. தன் மேசைமேல் தன் பொருளை ஆராய்வது கல்வி. இவ்விரண்டின் வேற்றுமையை நம் பிள்ளைகளுக்கு நாம் தெளிவுறுத்தல் வேண்டும்.

கட்டளைக்கும் எல்லை உண்டு. அக்காலத்தில் நீண்ட கட்டளைத் தொடர்களை மந்திரம்போல் ஒருவர்க்கொருவர் எழுதிக் கொடுத்து, வேகம் இருமடங்காகும் என்று நம்பியவர் உளர். இல்லாத ஆற்றலை எந்தக் கட்டளையும் படைக்காது. எச்.எஸ்.டி. முறை எதிர்முனையிலும் இல்லாவிடில், திறந்த பூட்டினால் பயன் இல்லை. 1998-இல் வகுக்கப்பட்ட வி.90 முறையின் 56,000 பிட் வேகமும் அத்தகையதே. சேவை நிலையத்திலிருந்து நம் இணைப்பகம் வரை வழி எண்முறையில் அமைந்தாலன்றி அது வாய்க்காது. பொருள் அறியாது நினைவகத்தில் எழுதினால் கேடும் விளையலாம். ‘ஏ.டி. அண்டு எஃப்’ என்னும் கட்டளை தொழிற்சாலை அமைப்பை மீட்டுத் தரும். கற்பவர் முதலில் கற்கவேண்டியது அதுவே.

மறைந்த வாயில் பகைவர்க்கும் வாயில் ஆகலாம். உரையாடல் நடுவே மோடத்தைக் கட்டளை நிலைக்கு அழைக்க மூன்று கூட்டல் குறிகள் இடுதல் வழக்கம். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி அமைதி வேண்டும் என்பது ஹேய்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற முறை. அந்த அமைதியைக் கேளாத மோடங்களை, அக்குறிகளையும் துண்டிக்கும் கட்டளையையும் பொதிந்த செய்தி ஒன்றை அனுப்பித் திருப்பி உரைக்கச் செய்து, தொடர்பை அறுக்க அயலாரால் முடிந்தது. ஒரு நொடி மௌனம் ஒரு காவலனாக நின்றமை காண்க!

இவையெல்லாம் பழங்கதை அல்லவா என்று இளைஞர்கள் எண்ணலாம். அன்று. ஏ.டி. கட்டளைகள் இன்றும் வாழ்கின்றன. கைப்பேசி வலையமைப்புகளுக்கான உலகத் தரநூல்களிலேயே அவை இடம்பெற்றுள்ளன. வயலில் உள்ள இறைப்பு மோட்டாரை வீட்டிலிருந்து இயக்க உழவர் பொருத்தும் சிறு பெட்டிகள் பலவற்றினுள்ளும் இம்மொழியே பேசப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும்படி பூட்டி விற்கப்பட்ட இணையக் கருவிகள் சிலவும், உரிய எண்ணோடு ஒரு ஏ.டி. கட்டளை இட்டதும் திறந்தன. வாங்கிய கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் உரிமை பற்றி அமெரிக்க நாட்டில் 2014-இல் சட்டமே இயற்றப்பட்டது. பெட்டி மாறிற்று, கேள்வி மாறவில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இது. பரண்மேல் உள்ள மோடத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன், நம் இளைஞர்கள் ஒருமுறை அதனைக் கணிப்பொறியோடு இணைத்து ‘ஏ.டி.’ என்று எழுதிப் பார்க்கட்டும். ‘ஓ.கே.’ என்று விடை வரும்போது, கருவி என்பது அஞ்சத்தக்க மாயம் அன்று, கேட்டால் விடை தரும் தோழன் என்பதை அவர்கள் உணர்வர். கையேடுகளைக் காத்து வைப்போம். படித்துக் கற்றதைப் பக்கத்து வீட்டாருக்கும் கற்பிப்போம். அயலிடத்தில் வாழும் சிறு கூட்டத்துக்கு அதுவே பெருஞ்செல்வம்.