சைக்கிளில் மலைக்குப் போவோம் – ஆயத்தத்தோடு போவோம்

(வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் கடைகளிலும் வீடுகளிலும் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. ஊரிலுள்ள பெற்றோரும் வாசிக்கும்படி இங்கே தருகிறோம்.)



இந்த வருசம் பஸ்ஸில் போகாமல் கூட்டமாகச் சைக்கிளிலேயே ஊருக்குப் போகலாமா என்று உங்களில் சில பேர் கேட்டீர்கள். ஊரிலே அம்மாமார், "இதுக என்னா விளையாட்டுங்க, றோட்டுல லொறி அடிச்சா யாரு பதில் சொல்லுறது?" என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. போகலாம். ஆனால் திட்டம் இல்லாமல் போகக்கூடாது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது கொழும்பு சனங்கள் சைக்கிளுக்குத் திரும்பியதை நாம் பார்த்தோம். அதனால் சைக்கிள் நமக்குப் புதிது இல்லை. காலி வீதியில் பத்துக் கட்டை ஓடுவது வேறு, நுவரெலியாவுக்கு ஏறுவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி ஆயத்தம் முடிந்த மாதிரி.

முதலில் பாதை. வெள்ளவத்தைப் பிள்ளைகள் ஹைலெவல் வீதியால் மகரகம, ஹோமாகம வழியாக வரலாம். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கடுவெல, ஹங்வெல்ல பாதை வசதி. இரண்டு கூட்டமும் அவிசாவளையில் சந்திக்கலாம். அது சுமார் 55 கிலோமீற்றர், முதல் நாளுக்கு அது போதும். இரண்டாம் நாள் எட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கல, சுமார் 35 கிலோமீற்றர். அன்றைக்கு நேரத்தோடு படுத்து விடுங்கள். ஏனென்றால் மூன்றாம் நாள்தான் பரீட்சை. கித்துல்கலயிலிருந்து கினிகத்தேன, வட்டவளை தாண்டி ஹட்டன் வரைக்கும் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். தூரம் 40 கிலோமீற்றரும் வராது. ஆனாலும் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். நாலாம் நாள் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா. அது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம்.

கியர் இல்லாத சைக்கிள்தான் நம்மிடம் இருக்கும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க மிதித்துப் பாதி வழியில் விழுவதுதான் வெட்கம்.

அடுத்தது காலம். தீபாவளிக்குப் போக எல்லாருக்கும் ஆசை. ஆனால் ஐப்பசியில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேன, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மழை அதிகமான இடங்களில் ஒன்று என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே தைப்பொங்கலுக்குப் பிறகு பங்குனி வரைக்கும் உள்ள காலம் நல்லது. அப்போது சிவனொளிபாத மலைப் பருவமும் நடக்கும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஹட்டன் பாதையில் பஸ்ஸும் வானும் வரிசையாக ஓடும். அதனால் கிழமை நாளில் ஏறுங்கள். கடை முதலாளியிடம் லீவு கேட்கும்போதும் இதை நினைத்துக் கேளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை சரிந்து எத்தனை குடும்பங்கள் போயின! 600க்கும் மேற்பட்ட உயிர்களை நாடு இழந்தது. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிக்கிறது. புறப்படும் முன்னும், ஒவ்வொரு நாள் காலையிலும் அதைக் கேளுங்கள். போகும் பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் பயணம் நிற்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் "பரவாயில்ல, போவோம்" என்றாலும் நிற்க வேண்டும்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆள் கொல்லி இறக்கம்தான். 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா றதல்ல குறுக்குப் பாதையில் ஒரு பஸ், வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், பெரிய பாதையால் போங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் றிம் சூடாகி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழுவீர்கள். மழையில் பிரேக் கட்டை வழுக்கும் என்பதால் வேகத்தை முன்னமே குறையுங்கள். அரை மணிக்கொரு தரம் நின்று றிம்மைத் தொட்டுப் பாருங்கள். திரும்பிக் கொழும்புக்கு வரும்போது சைக்கிளை லொறியிலோ ரயில் பார்சலிலோ அனுப்ப வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டும் சொலூசன், பம்ப், ஸ்பேனர், புதிய பிரேக் கட்டை, முன்னும் பின்னும் லைட், மழைச் சட்டை, அடையாள அட்டை, அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம். தோட்டத்து ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மேலே உரமும் மருந்தும் அடித்திருப்பார்கள். குளவிக்கூடு கண்டால் சத்தம் போடாமல் விலகுங்கள், கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டிய பிறகும் விடியும் முன்னும் தேயிலை மலைக்குள் போகாதீர்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு. மாலை ஐந்து மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கே தங்கிவிடுங்கள். தங்குகிற இடத்துக்கு முன்னமே சொல்லி வையுங்கள். லயத்துச் சொந்தக்காரர், கோயில் மண்டபம் என்று நமக்கு இடம் கிடைக்காமல் போகாது.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு ஒரு போன் கட்டாயம். பெண் பிள்ளைகள் வந்தால் பெரியவர் ஒருவர் கூட வரட்டும். ஆபத்தென்றால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் போனால் தாள்தான் உதவும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2023இல், நம் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தே போனார்கள். அன்று வழியில் செத்து விழுந்தவர்களின் பாதை அது. இன்னொரு பக்கம், கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' என்ற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை 22 கட்டமாக இருக்கிறது. வெளிநாட்டார் அதில் நடக்க வருகிறார்கள். தேயிலை போன பழைய பாதைகள்தான் அவை. நம்மவர் வெட்டிய மலைப்பாதையை நம்ம பிள்ளைகள் பார்க்காமல், ஊரான் மட்டும் பார்த்துப் போவதா? பாதையைப் படித்த பிள்ளை நாளைக்கு வழிகாட்டியாகவும் சம்பாதிக்கலாம்.

ஆகவே தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். பாதை எது, எங்கே தங்குவது, பிரேக் பார்த்தாயா, யார் கூட வருவது? இந்த நாலுக்கும் பதில் சொல்லுகிற பிள்ளையை அனுப்பலாம். பதில் சொல்லாத பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி விடுங்கள்.

எல்லாரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.