பிடி அரிசியில் எழுந்த பள்ளி



கல்வியும் வளமும் என்ற பொருளில் பேசும்படி உங்கள் தமிழ்ச் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். படித்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் குடும்பம் தலைநிமிரும் என்பதை அமெரிக்காவில் வாழும் உங்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருடைய வாழ்க்கையே அதற்குச் சான்று. ஆனால் ஒருவர் படித்த படிப்பு அவருடைய சம்பளத்தோடு முடிந்துபோவதும் உண்டு, ஒரு ஊரையே தூக்கி நிறுத்துவதும் உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுக்க நான் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை இது: வருவாயில் ஒரு பங்கை, எவ்வளவு சிறியதானாலும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கென்று தவறாமல் எடுத்து வைக்கிற பழக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் படிப்பு ஊரின் வளமாகிறது.

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். மழை பொய்த்தால் வெள்ளாமையும் பொய்க்கும் கரிசல் பூமி அது. 19ஆம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் பேட்டை அமைத்துத் தங்கினார்கள். அன்று அவர்களுக்குக் கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லை. கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பூசல் முற்றித்தான் 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. தம்மை மதிக்காத சமூகத்தின் நடுவே நிமிர்ந்து நிற்க அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று மகமை. கைமாறும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒவ்வொரு வணிகரும் பொதுவில் செலுத்துவார்கள். அவர்களுடைய ஊர்ச் சபையான உறவின்முறை அதை நிர்வகிக்கும். கிணறு, சாவடி, கோயில் என்று செலவான அந்தப் பணம், 1880களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியாக எழுந்தது. மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளியின் கதவு திறந்திருந்தது.

மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அதைத் திரட்டி, அதில் வந்த பணத்தைப் பள்ளிக்குச் செலவிடுவார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். கடை வைத்திருப்பவர் மகமை கொடுத்தார், கடை இல்லாதவரும் பிடி அரிசி கொடுத்தார். அதை அளந்து வைத்தவள் வீட்டுத் தாய். தான் எழுத்தறியாதவளாக இருந்தாலும், ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி. மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. உலைக்குப் போகுமுன்பே பள்ளியின் பங்கு போய்விட்டது.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர், 1903இல் பிறந்த காமராசர். சிறு வயதில் தந்தையை இழந்தவர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். 1954இல் அவர் முதலமைச்சரானார். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகச் செய்ததை, ஒரு மாநிலமே தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டும் என்று அவர் முனைந்தார். ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அறிந்து மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கினார். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் நீதிக்கட்சியார் இட்ட வித்து, 1950களில் சிற்றூர்களுக்கும் பரவியது. அன்று அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கவில்லை. ஒரு பங்கை அரசு கொடுத்தது, மறு பங்கை ஊரார் கொடுத்தார்கள். 1958இல் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு தொடங்கி நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே மேசை, நாற்காலி, கட்டடம், நிலம் என்று அள்ளிக் கொடுத்தார்கள்.

அதன் பலனை இன்று பார்க்கிறோம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47.

என் விருதுநகர் மாவட்டத்தின் மறுபக்கத்தையும் சொன்னால்தான் என் பேச்சு நேர்மையானதாக இருக்கும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் கற்று வந்த வித்தை ஒரு வறண்ட ஊருக்கே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்களைக் கொடுத்தது. ஆனால் அதே தொழிலில், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் விடியுமுன்பே வேன்களில் ஏறிக் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன காலமும் இருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் சிறுவரை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்குள் பணம் புரண்டது, ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்கள் கையில் எழுத்தும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியை விட்டுப் பிரித்துச் சேர்க்கும் செல்வம் சிலருடைய செல்வமாகவே நின்றுவிடும்.

படிப்புக்கென்று போகும் பணமே நிலைக்கும் என்பதைப் பெண்பிள்ளைகள் விஷயத்திலும் பார்க்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தமிழ்நாட்டில் திருமண உதவித் திட்டம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. 2022இல் அதுவே புதுமைப்பெண் திட்டமானது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணம் கல்லூரிக்குப் போகிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கையேந்தாமல் ஒரு பெண் கல்லூரிக்குப் போனால், நாளை அவள் பிள்ளையின் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் விவாதிக்க மாட்டார்கள்.

அன்பர்களே, இந்த மண்டபத்தில் முதல் பட்டதாரிகள் நிச்சயம் பலர் இருப்பீர்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள், கல்வி உதவித்தொகையில் பொறியியல் முடித்தவர்கள், சத்துணவுத் தட்டேந்தி வரிசையில் நின்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் பெயரைக்கூட அறியமாட்டார்கள்.

சேர்ந்து கொடுப்பதில் நீங்கள் எவருக்கும் இளைத்தவர்களும் அல்லர். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்தபோது, பெருந்தொகை தந்தவர்களோடு பத்து டாலர், இருபது டாலர் தந்தவர்களும் நின்றார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்கும் செய்ய முடியும்.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மாதாந்தரப் பங்கு. வெள்ளம் வந்தால் அள்ளிக் கொடுக்கும் உங்கள் மனத்தை நான் அறிவேன். ஆனால் படிப்பு பன்னிரண்டு ஆண்டு, பதினாறு ஆண்டு நடக்கிற காரியம். ஒரு பிள்ளையின் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு, முதலாம் ஆண்டில் கிடைத்த நன்கொடை உதவாது. ஒவ்வொரு குடும்பமும் மாதம் ஒரு சிறு தொகையை, செலவுக் கணக்கு தொடங்குமுன்பே ஒதுக்கிவிட வேண்டும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, நிற்காமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பள்ளியைக் கேட்டுக் கொடுங்கள். சுவருக்கு வண்ணம் பூசிப் பெயர்ப்பலகை வைப்பது எளிது. அங்கே உண்மையில் தேவைப்படுவது பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையாக இருக்கலாம், ஆய்வகப் பொருளாக இருக்கலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர்கள் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அவர்களிடம் பேசுங்கள். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிக்கு நேரே கொடுக்கவும் வழி இருக்கிறது. நீங்கள் படித்த பள்ளிக்கு மட்டும், உங்கள் சாதிக்காரர் பிள்ளைக்கு மட்டும் என்று வேலி போட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து வைத்த பள்ளியிலிருந்துதான் காமராசர் வந்தார்.

மூன்றாவது, உங்கள் நேரம். ஆசிரியராக நான் ஆண்டுதோறும் கண்ட காட்சி ஒன்று உண்டு. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அடுத்து என்ன படிப்பது என்று கேட்க ஆளில்லாமல், தெரிந்தவர் யாரோ சொன்ன கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிடும். கலந்தாய்வில் எந்தப் பிரிவை எழுதுவது, முதல் பட்டதாரிச் சலுகைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், கல்விக் கடனுக்கு எங்கே விண்ணப்பிப்பது, நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது, இவையெல்லாம் உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. அந்தப் பிள்ளையின் வீட்டில் இவற்றைச் சொல்ல ஒருவரும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் ஒரு பிள்ளையோடு பேசுங்கள். இங்கே பிறந்து வளரும் உங்கள் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் பழகும், உங்கள் பிள்ளைக்குத் தமிழ் பழகும். இரண்டு பேருக்கும் ஒரு உறவும் கிடைக்கும்.

இந்த விழா முடிந்ததும் நம் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் வேலைகள் வந்துவிடும். அதனால் நல்லெண்ணத்தோடு இதை விட்டுவிடாமல், இன்றைய பொதுக்குழுவிலேயே ஒரு தீர்மானம் போடுங்கள். எத்தனை குடும்பங்கள், மாதம் எவ்வளவு, எந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளி, யார் பொறுப்பு என்று நான்கு வரி போதும். அடுத்த ஆண்டு இதே மேடையில் வரவு செலவு வாசிக்கும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்து வாசியுங்கள். எத்தனை பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று சபைக்குச் சொல்லுங்கள். நின்றுபோன பிள்ளையைத் தேடிப் போய் மறுபடி சேர்த்துவிடும் சங்கமாக இந்தச் சங்கம் விளங்க வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.