சாய்ந்த பூமியும் நம் ஊர் மழையும்

(புரட்டாசி மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர், "கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போய்விடுகிறது, அதனால்தான் இப்படிக் கொளுத்துகிறது" என்றார். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். உடனே செயலாளர் என் பக்கம் திரும்பி, "சார், இதைப் பற்றி அடுத்த முறை நீங்க பேசுங்க" என்று மாட்டிவிட்டார். நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுன்ட்டரில் காலத்தைக் கழித்தவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் கணக்கு டேலி ஆகிறதா என்று பார்க்கத் தெரியும். அந்த வழியிலேயே இதையும் பார்ப்போம்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம். அதாவது நாம் மார்கழியில் போர்வையைத் தேடும்போதுதான் சூரியன் 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டே இருக்கிறது! 2019-இல் அத்திவரதர் தரிசனம் ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது நினைவிருக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் அந்த வெயிலில் நின்றவர்கள் பலர் இங்கேயே இருக்கிறீர்கள். பூமி சூரியனை விட்டு மிகவும் விலகியிருந்த வாரம் அது. ஆகவே தூரக் கணக்கு டேலி ஆகவில்லை.

காரணம் சாய்வு. இந்தச் சாத்துக்குடியில் ஒரு குச்சி செருகியிருக்கிறேன். நடுவில் இருக்கும் குத்துவிளக்குதான் சூரியன். குச்சி நேராக நிற்கவில்லை, சுமார் 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது. விளக்கைச் சுற்றி வரும்போது குச்சியின் மேல்நுனி எப்போதும் அந்த வடக்குச் சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறது. விளக்குப் பக்கம் திரும்புவதே இல்லை, கவனியுங்கள். நிஜத்தில் அந்தக் கடிகாரத்தின் இடத்தில் இருப்பது துருவ நட்சத்திரம். விளக்குக்குத் தெற்கே நான் நிற்கும்போது மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்கிறது, அது ஜூன். வடக்கே போய் நிற்கும்போது அதே பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்கிறது, அது டிசம்பர். கீழ்பாதிக்கு எல்லாம் தலைகீழ். மெல்போர்னில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஜனவரியில் கோடை விடுமுறை வருவது இதனால்தான்.

டார்ச் லைட்டைச் சுவரில் நேராக அடித்தால் வெளிச்சம் ஒரே வட்டமாக விழும். சாய்த்து அடித்தால் அகன்று, மங்கிவிடும். அதே பேட்டரி, அதே பல்பு. வெயிலும் அப்படியே. அதோடு, சூரியன் பக்கம் சாய்ந்த பாதிக்குப் பகலும் நீளம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.8 டிகிரியில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18, 19-ஐ ஒட்டி மறுமுறை. பகல் 12 மணி 10 நிமிட வாக்கில் ஒரு சொம்பை நேராக வைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் நிழலே விழாது. இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாளும், ஆகஸ்ட் 17 வரை, நண்பகலில் கோபுர நிழல் தெற்குப் பக்கம்தான் விழுந்திருக்கும். மாடியில் சோலார் தகடு போட நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்ப்பது சரி. ஆனால் அதற்கு வடக்கே ஒட்டினாற்போல உயரமான தண்ணீர்த் தொட்டி இருந்தால் ஜூனில் அதன் நிழல் தகட்டின் மேல் விழும். விற்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூனில் பதினாறரை மணிக்கு மேல். நமக்கோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் நமக்குக் குளிர்காலம், வசந்தம் என்று பெரிதாகப் பிரியாது. நம் பருவத்தைப் பிரிப்பது மழை.

உச்சி வெயில் ஏப்ரலில் என்றால் கத்திரி ஏன் மே மாதத்தில் என்று கேட்பீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தோசைக்கல் சுடுவதில்லையா? தரை சூட்டை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றோடு மேகமும், ஆடியில் மாலை இடிமழையும் வந்து கொஞ்சம் தணிக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு மதியமே கடற்காற்று கிடைத்துவிடும். நாம் உள்ளே தள்ளி இருப்பதால் அது வந்து சேர மாலையாகும், சில நாள் வராமலே போகும்.

உத்தராயணம் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். நாம் தை முதல் தேதி கொண்டாடுகிறோம். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளக்கிறது. பருவச் சுழற்சியின் ஆண்டோ அதைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவு. வருடத்துக்கு 20 நிமிடம் அற்பத் தொகை. ஆனால் 71 வருடத்தில் அது ஒரு முழு நாள். சுமார் 1,700 வருடத்தில் 24 நாளாகிவிட்டது. கணக்கு எழுதியவர்கள்மேல் தப்பில்லை, வட்டி சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சித்திரை, வைகாசியை இளவேனில் என்று அந்தக் காலத்தில் ஏன் சொன்னார்கள் என்பதும் இதில் ஓரளவு விளங்கும். அன்றைய சித்திரை மார்ச்சிலேயே பிறந்திருக்கும்.

இனி மழை. செப்டம்பர் 23-க்குப் பிறகு சூரியன் தென்பாதிக்குப் போகிறது. வட ஆசிய நிலப்பரப்பு வேகமாகக் குளிர்கிறது, கடல் மெதுவாகத்தான் குளிரும். குளிர்ந்த நிலத்தின் மேல் காற்றழுத்தம் கூடி, காற்று வடகிழக்கிலிருந்து வீச ஆரம்பிக்கிறது. வங்கக் கடல் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் கொட்டுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான். 2015-இல் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

நான் பேச வந்ததன் முக்கியப் பகுதி இனிமேல்தான். நம் பின்தெருவில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. அவை குழித்தறிகள், நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வார். மழை வலுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். பட்டு ஈரத்தை இழுக்கும் சரக்கு. வியாபாரத்தில் அதன் எடையில் 11 சதவீதம் ஈரம் என்று வைத்தே கணக்குப் போடுவார்கள். காற்றில் ஈரம் கூடினால் பாவு இழைகள் ஒட்டும், அறுந்தால் முடிபோட வேண்டும். ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட விடியற்காலையில் ஈரமில்லாத தரை வேண்டும், மழைவிட்ட வானம் வேண்டும். தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் புடவை கேட்டுக் கடைக்காரர்கள் நெருக்குவதோ சரியாக இதே மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் கடன் தவணை தள்ளிப்போவதை நான் கவுன்ட்டரில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். "மழை சார், தறி ஓடலை" என்பார்கள். அது சாக்குப்போக்கு இல்லை.

நம் நகரின் உள்தெருக்களைப் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அப்படியே மேலே மேலே போட்டு வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் நம் தெரு உயர்கிறது. நமக்குத் தண்ணீர் நிற்பதில்லை என்று சந்தோஷம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பின்தெருவில் வாசற்படிக்குக் கீழே இருந்த ரோடு இப்போது படிக்குச் சமமாகிவிட்டது. சென்ற கார்த்திகையில் மூன்று வீட்டுத் தறிக்குழியில் நம் தெருத் தண்ணீர் நின்றது. பூமி 23½ டிகிரி சாய்ந்திருப்பதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ரோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் செய்ய முடியும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். அடுத்த முறை சாலை போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று மாநகராட்சிக்கு நாம் தரும் மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பின்தெருவில் காலை எட்டு மணி வரை காரை நிறுத்தாதீர்கள், அது பாவு நீட்டும் இடம். மூன்றாவது, இரண்டு தெருவும் சேரும் இடத்தில் மழைநீர்க் கால்வாய் மண்ணும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக் கிடக்கிறது. பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி. நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு கூலியாட்களை வரச் சொல்லியிருக்கிறேன், பொருளாளர் பணம் ஒதுக்கச் சம்மதித்துவிட்டார். மண்வெட்டி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், சாத்துக்குடியை உரிப்பதற்குள்.