கை அசைவில் தன்னினைவு



ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் பல்லாண்டு வாழும் நம்மவர்க்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாக நாளைக் கழிக்கும் பழக்கம் அது. கரோல்பாக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது மனம் காவிரிக்கரையில் உலவும். விடுமுறைக்கு ஊர் சென்று திண்ணையில் அமர்ந்தாலோ, அதே மனம் டில்லி அலுவலகத்துக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும். இதை நான் நெடுநாள் ஒரு குறையாகவே எண்ணியதில்லை. இரு மொழிகளுக்கு நடுவே நிற்பதுதானே மொழிபெயர்ப்பாளனின் பிழைப்பு? இரண்டு ஊர்களுக்கு நடுவே நிற்பதும் அவனுக்கு இயல்பென்றே இருந்துவிட்டேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஓர் ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து என் தாயார் தொலைபேசியில் பேசினார். கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, விரல்களை நிறுத்தாமல், "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வந்தேன். நான்காம் நாள் அவர் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு என் தமக்கையார், "தம்பி, உன்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன் என்றாளே அம்மா, அது என்ன?" என்று கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் நினைவில் இல்லை. அந்த அறிக்கையில் எத்தனை அட்டவணைகள் இருந்தன என்பதை மட்டும் இன்றும் பிழையின்றிச் சொல்வேன்.

மறு ஆண்டு பிண்டமிடக் கயைக்குச் சென்றேன். அங்கிருந்து புத்த கயை அதிகத் தொலைவில்லை. மகாபோதி ஆலயத்தின் வடபுறத்தில் தாமரை வடிவக் கற்கள் வரிசையாக அமைந்த ஒரு மேடை உண்டு. ஞானம் பெற்ற பின் புத்தர் ஒரு வாரம் அங்கே முன்னும் பின்னும் நடந்தார் என்பது மரபு. கண் மூடி அசைவற்றிருக்கும் புத்தரையே சிற்பங்களில் கண்டு பழகிய எனக்கு, நடந்த புத்தர் புதியவராகத் தோன்றினார். சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் தாய்லாந்துத் துறவி ஒருவர் கண் திறந்தபடியே அமர்ந்து, கைகளை மெல்ல உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்தார். ஏதோ உடற்பயிற்சி போலும் என்று எண்ணி அருகே சென்றேன். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் கற்றுத் தந்ததையே இன்று உங்களிடம் சொல்ல வந்துள்ளேன்.

அம்முறையைப் பரப்பியவர் லுவாங் போ தியன் என்னும் துறவி. தாய்லாந்தின் லோயி மாநிலத்தில், மேகாங் ஆற்றோரத்துச் சிற்றூரொன்றில் 1911-இல் பிறந்தவர். பள்ளி சென்று பயின்றவரல்லர், இல்லறத்தார், ஆற்றில் படகு ஓட்டி வணிகம் செய்தவர். இளமை தொட்டே தியானம் பழகி, தானமும் விழாவும் குறைவறச் செய்தும் தம் கோபம் அடங்கவில்லை என்பதை அவர் நாற்பதைக் கடந்த வயதில் கண்டுகொண்டார். மெய்யாகவே ஒரு தீர்வு காண வேண்டும் என்று 1957-இல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அவர் சென்ற இடத்தில், உடலை அசைத்துக்கொண்டே 'அசைவு, நிறுத்தம்' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளும் பயிற்சி நடந்து வந்தது. தியன் அந்தச் சொற்களை விட்டுவிட்டு அசைவை மட்டும் கைக்கொண்டார். சில நாட்களிலேயே தம் மனம் தெளிவுற்றதாகப் பின்னாளில் கூறினார். 1960-இல் துறவு பூண்டு, 1988-இல் மறையும் வரை இதையே கற்பித்து வந்தார். சொற்களையே விற்றுப் பிழைக்கும் எனக்கு, அவர் சொல்லை விட்ட செய்திதான் முதலில் உறைத்தது.

பயிற்சி மிக எளியது. தரையிலோ நாற்காலியிலோ அமர்ந்து இரு கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வையுங்கள். வலக்கையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பின் மேலே உயர்த்தி நிறுத்துங்கள். வயிற்றருகே கொணர்ந்து நிறுத்துங்கள். இடக்கையையும் அவ்வாறே நிமிர்த்தி, உயர்த்தி, வலக்கையின் மேல் வையுங்கள். பிறகு வலக்கை மார்புக்கு ஏறி, வெளியே நீங்கி, தொடைக்கு இறங்கி, கவிழட்டும். இடக்கையும் அதுபோலவே செய்யட்டும். ஆக 14 அசைவுகள். கண்ணை மூட வேண்டா, எண்ண வேண்டா, மந்திரமும் வேண்டா. கை அசையும்போது அசைகிறதென்றும், நிற்கும்போது நிற்கிறதென்றும் உணர்ந்தால் போதும். எண்ணம் வந்தால் அதனோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. மீண்டும் கைக்குத் திரும்பினால் சரி. பூனைக்குச் சோறிட்டு வளர்த்தால் எலியை அது பார்த்துக்கொள்ளும் என்று தியன் உவமை சொல்வாராம். பூனை விழிப்பு, எலி எண்ணம்.

எளிது என்றேன், ஆனால் முதல் நாள் நான் ஒரு சுற்றைக்கூட முழுதாக உணர்ந்து முடிக்கவில்லை. ஏழாவது அசைவுக்குள் அலுவலகம் சென்று ஒருவரோடு வாதாடிவிட்டுத் திரும்பியிருந்தேன். கை மட்டும் தன் பாட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாலி மொழியில் இவ்விழிப்புக்கு 'சதி' என்று பெயர். வடமொழி 'ஸ்மிருதி'யோடு ஒரே வேரிற் பிறந்தது; நினைவு என்பதே அதன் மூலப்பொருள். ஆங்கில நூல்களைப் பார்த்து இதற்குப் புதுப்புதுச் சொற்களை ஆக்கி வருகிறோம். மயங்கி விழுந்தவனை 'நினைவு தப்பியது' என்றும், தெளிந்தவனை 'நினைவு வந்தது' என்றும் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதை மறந்துவிடுகிறோம். தன்னினைவு என்ற சொல்லே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

டில்லியில் உள்ளோர்க்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. நடத்தல், நிற்றல், கையை மடக்கல், நீட்டல் ஆகியவற்றை அறிந்து செய்வதை விரித்துரைக்கும் சதிபட்டான சூத்திரம், குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் உபதேசிக்கப்பட்டதாக அந்நூலே கூறுகிறது. டில்லியும் அப்பழைய குரு நாட்டைச் சார்ந்த நிலமே. தென்டில்லியில் பகாபூர் அருகே பாறைமேல் அசோகரின் கல்வெட்டொன்று 1966-இல் கண்டறியப்பட்டது. பேருந்தில் நாம் கடந்து செல்லும் வட்டாரந்தான் அது.

நடந்து பயில்வதற்கும் அங்குத்தர நிகாயம் ஐந்து பயன்களைக் கூறுகிறது. நெடுவழி செல்லும் வலிமையும் முயற்சிக்கான ஆற்றலும் வளரும்; நோய் குறையும்; உண்டது செரிக்கும்; நடக்கையில் பெற்ற மன ஒருமை நெடிது நிற்கும். செரிமானத்தையும் சேர்த்துப் பேசும் ஞான நூலை நான் மனமார நம்புகிறேன்!

நடக்க இயலாதவர் என் செய்வது என்று கேட்கலாம். தாய்லாந்தில் காம்போல் தோங்பன்னும் என்றொருவர் இருந்தார். உடற்பயிற்சி ஆசிரியர், நீரில் பாய்ந்தபோது கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தது. தியனின் மாணாக்கரான கம்கியன் துறவியிடம் வழி கேட்டறிந்து, படுக்கையில் கிடந்தவாறே உள்ளங்கையைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் பயின்றார். உடல் சீராகிவிடவில்லை, உடலோடு சேர்ந்து மனமும் ஊனமுற வேண்டியதில்லை என்று கண்டார். அதன்பின் பலருக்குக் கற்பித்து 2016-இல் மறைந்தார். இதனைக் கூறுவதால், கடுந்துயரில் உறக்கமும் உணவும் இழந்தவர்கள் மருத்துவரிடம் செல்லாமல் கையை அசைத்துக்கொண்டிருக்கலாம் என்று யாரும் கொள்ள வேண்டா.

எனக்கு ஞானம் ஏதும் வாய்த்துவிடவில்லை. கோபம் வருகிறது, வந்தது சற்று முன்னதாகத் தெரிகிறது, அவ்வளவே. தாயார் சொன்னதும் நினைவுக்கு வரவில்லை. கேளாத ஒன்றை எப்படி நினைவுகூர்வது?

இப்போது ஞாயிறுதோறும் தமக்கையார் பேசுகையில் கணினியை மூடிவிட்டு, இடக்கையைத் தொடைமேல் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்து கேட்கிறேன். கொல்லைக் கிணற்றடியில் அம்மா வைத்த நார்த்தை இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருக்கிறதாம். ஊறுகாய் போட்டு, டில்லிக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவாராம். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பு மட்டும் சற்றுக் குறைவாக இருக்கும் என்று சென்ற வாரம் சொன்னார்.