பிக்கப் போய்விட்டது என்று சொல்வதற்கு முன்



இந்த உரையைச் சின்ன வானொலிப் பெட்டியிலோ கைபேசியிலோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதே பெட்டியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, பாடுபவர் குரலுக்கும் தபலாவுக்கும் கீழே கனத்த நாதம் ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். அதன் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது ஈ கம்பி. அது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அத்தனை தாழ்ந்த அதிர்வைக் கொடுக்க முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறதே, எப்படி? கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. ஸ்பீக்கர் அந்த மேல்மடங்குகளைக் கொடுத்தால் போதும், அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய சுரத்தை நம் காது தானே ஊகித்துக் கேட்டுக்கொள்கிறது.

இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை நீங்கள் இப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பாடல் முடிந்ததும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்கிறோம். இவர்கள் பெயரையும் சொன்னால் எனக்கு நிறைவாக இருக்கும்.

மேல்மடங்குகளில் எது எவ்வளவு வர வேண்டும் என்பதைப் பாதி வாசிப்பவரின் விரல் தீர்மானிக்கிறது. மறுபாதியைத் தீர்மானிப்பது கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப். என் தொழில் கிட்டார் பழுதுபார்ப்பது. பழைய பேஸ் வாங்குவது, விற்பது பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். அங்கே கட்டாயம் போகிறேன். ஆனால் பிக்கப்பைத் தாண்டித்தான் போக முடியும். அதற்கு முன் கருவி வந்த கதை கொஞ்சம்.

1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் செய்து விற்றார். அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரிலிருந்து லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ்தான் உலகத்தைச் சுற்றியது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கலைஞர்கள், தோளில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு மாறினார்கள். லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வானொலி நேயர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கெட்டுப்போனால் கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் செய்த ஒவ்வொன்றிலும் தெரியும். கம்பிகள் ஓடும் நீண்ட கைப்பிடியான நெக்கை உடலோடு பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு திருகாணிகளால் முடுக்கினார். அரை மணி நேரத்தில் நெக்கை மாற்றிவிடலாம். பழைய கருவி வாங்குபவர்களுக்கு இதனால் ஒரு தலைவலியும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சரி, பிக்கப். காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும், அவ்வளவுதான். எனாமல் பூசிய, தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவில் சுருளுக்குள் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி. நைலான் கம்பிக்கு அடியில் இதே பிக்கப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது.

ஆனால் சுருளுக்கு ஒரு குறை உண்டு. கம்பியின் அசைவு எது, சுவருக்குள் ஓடும் மின்சாரம் எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் வாங்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்பிவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகப் பட்டையில், அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். மின்சார இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100. ஜி கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 98. பார்த்தீர்களா? பேஸ் வாசிக்கும் சுரங்களுக்கு நடுவிலேயே இரைச்சல் வந்து உட்கார்கிறது. ஆம்பில் தாழ்ந்த ஒலியைக் குறைத்து அதை விரட்டப் பார்த்தால், சுரமும் சேர்ந்து போய்விடும்.

1957-இல் பிரசிஷன் பேஸில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்த பிறகும், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறையவில்லை. ஒரே நீளப் பிக்கப்பை இரண்டாக வெட்டினார்கள். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு காயில், அதாவது சுருள். டி, ஜி கம்பிகளுக்கு இன்னொன்று, சற்றுத் தள்ளி. ஒன்றில் காந்தத்தின் வடமுனை மேலே, மற்றதில் தென்முனை மேலே. சுருள்களை இணைக்கும் விதமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் சம அளவில் புகுகிறது. ஆனால் எதிரெதிர்த் திசையில் வெளிவருவதால், சம பலமுள்ள இரண்டு அணிகள் வடம் இழுக்கிற மாதிரி ஒன்றை ஒன்று அடக்கிவிடுகிறது. கம்பியின் ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு கம்பியும் ஒரு காயிலின் மேல்தான் ஓடுகிறது. கூடுதல் பேட்டரி கிடையாது, கூடுதல் சுற்றமைப்பு கிடையாது. இதைவிட நேர்த்தியான தீர்வை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு கதை. என் பட்டறைக்கு ஒரு கல்லூரி மாணவர் பிரசிஷன் வகை பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். செகண்ட் ஹேண்ட். "அண்ணே, சத்தம் நல்லாத்தான் இருக்கு, ஆனா லைட்டைப் போட்டா உறுமுது. அதனாலதான் மலிவாக் குடுத்தாங்க. பிக்கப் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார். "போடலாம் தம்பி, முதல்ல திறந்து பாக்கலாம்" என்று மூடியைக் கழற்றினேன். பிக்கப் நலமாகவே இருந்தது. முன்பு யாரோ சால்டரிங் செய்தபோது ஒரு காயிலின் இரண்டு வயர்களை இடம்மாற்றிப் பொருத்திவிட்டார்கள். அடங்க வேண்டிய இரைச்சல் இரண்டு காயில்களிலும் கூடிக்கொண்டு வந்தது. கம்பிகளின் ஒலியோ கெடவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. வயர்களை மாற்றிச் சால்டர் வைத்ததும் உறுமல் நின்றது. அந்தத் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிக்கப் போய்விட்டது என்று சொல்லி வரும் கருவிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு பெரியவர் தன் பேஸை விற்றுவிட முடிவு செய்து, விலை கேட்டு வந்தார். பலமாக மீட்டினால் ஒலி உடைந்து வருகிறது என்றார். அது ஆக்டிவ் பேஸ், அதாவது உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் உள்ள வகை. 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே வந்த பிறகு பரவலானது. இந்த வகையில் கேபிளைச் செருகினாலே பேட்டரி செலவாகத் தொடங்கிவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஆராதனை முடிந்ததும் கேபிளைப் பிடுங்காமல் அப்படியே சாய்த்துவைப்பது அவர் வழக்கம். பேட்டரியை மாற்றினேன். அவர் பேஸை விற்கவில்லை, இன்றும் அதைத்தான் வாசிக்கிறார்.

உண்மையாகவே பிக்கப் சாவதும் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சில பிக்கப்புகளில் காந்தத்தின் மேல் நேரடியாகவே செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து காந்தம் துருப்பிடித்தால், துரு உள்ளே பரவி மெல்லிய கம்பியை அறுத்துவிடும். மேலே தெரியும் காந்த முனைகளில் செம்பழுப்புத் தூள் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் என்றால் எதையும் கழற்ற வேண்டாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பிரசிஷன் வகைக்கு 10 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும். ஜாஸ் பேஸ் பிக்கப்பைத் தனியாகப் பார்த்தால் 7 அல்லது 8. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ, இதைவிடப் பல மடங்கு கூடக் காட்டினாலோ எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் பிக்கப்தான் என்று முடிவுகட்டாதீர்கள், ஜாக்கையும் வால்யூம் கண்ட்ரோலையும் பார்த்த பிறகே அதற்கு வாருங்கள். மீட்டர் இல்லையா? ஆம்பைக் குறைத்து வைத்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் காந்த முனைகளை மெல்லத் தொடுங்கள். ஒவ்வொன்றிலும் டக் என்று கேட்டால் உயிர் இருக்கிறது. விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அதுதான் மரியாதை.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் பேஸின் எர்த் வயர் சரியாக இருக்கிறது என்று பொருள். ஆனால் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் குறை பேஸில் இல்லை. மேடையின் மின் இணைப்பிலோ ஆம்பிலோ எர்த் சரியில்லை. உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிக்கப் இருக்கும் இடமும் முக்கியம். கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பி குறைவாகவே அசையும். அங்கே அடிச்சுரம் மெலிந்து மேல்மடங்குகள் தூக்கலாக வரும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், அதில் ஒன்று பிரிட்ஜ் ஓரம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட்டுகள் அகற்றப்பட்ட தன் 1962 ஜாஸ் பேஸை அந்த ஓரப் பிக்கப்பை வைத்துப் பாடவைத்தார். அதற்கு நேர் எதிர், டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவன ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 பிரசிஷன் பேஸ், மழமழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி, வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அந்த ஒரு விரலில்தான் ஒரு தலைமுறையின் பாட்டு நடந்தது.

இருவர் கருவிகளும் திருடு போயின. ஜேமர்சனுடையது 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன். ஜாகோவுடையது 1986-இல் நியூயார்க்கில் காணாமல் போய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடையில் தென்பட்டது. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹியோ முன்வந்து அது ஜாகோவின் குடும்பத்துக்குத் திரும்ப வழிசெய்தார். ஆகவே பழையது வாங்கும்போது ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் எப்போது, யாரிடம் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் சொந்த பேஸின் சீரியல் எண்ணை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெக் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நான்கு திருகாணிதானே, ஒன்றின் நெக்கும் இன்னொன்றின் உடலும் சேர்ந்து ஒரே கருவியாக விலைக்கு வரும். தலைப்பகுதியில் உள்ள பெயரை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் நீளத்தைப் பாருங்கள். முன்னோக்கி வளைந்திருந்தால் உள்ளேயுள்ள ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டை முடுக்கிச் சரிசெய்யலாம், நம் ஊர் ஈரப்பதத்தில் அது சகஜம். பக்கவாட்டில் முறுக்கியிருந்தால் எத்தனை மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஆம்ப் இல்லாமல் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். ஜி கம்பியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட் பக்கம் சுரம் சட்டென்று அணைவது பல நல்ல பேஸ்களிலும் உண்டு, அதை மட்டும் வைத்து விலக்க வேண்டாம்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. விற்பவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். என்னென்ன மாற்றினீர்களோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிக்கப், திருகாணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கருவியோடு கொடுங்கள். பார்சலில் அனுப்பினால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உங்கள் வீட்டுப் பரணில் அண்ணன் வாசித்த பேஸ் ஒன்று உறையோடு கிடந்தால், ஊமையாகிவிட்டது என்று எடைக்குப் போடாமல் பக்கத்தில் உள்ள பட்டறையில் ஒருமுறை காட்டுங்கள். புதுசு வாங்க முடியாமல் காத்திருக்கும் பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கைக்கு அது நியாயமான விலையில் போய்ச் சேரட்டும்.