செவிக்கும் நாவுக்கும் ஆங்கிலம்



வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் அவ்வூர் மொழி, பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் செம்மையாக வரவேண்டுமானால், வீட்டுத் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே அக்கேள்வி. 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவோரும் உளர். இணையத்தின் வழியே கைபேசியிலும் கணினியிலும் கிடைக்கும் ஆங்கிலப் பயிற்சிக் கருவிகளைப் பற்றி இன்று பேசும்போது, அக்கேள்வியையும் உடன் வைத்துக்கொண்டே ஆராய விரும்புகிறேன். அதற்கு ஏற்ற களம் சித்தூரும் திருப்பதியும் ஆகும்.

சித்தூர் நகரம் 1911ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினும், தமிழும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் நிலை மாறவில்லை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை தெலுங்குப் பாடமும் படிக்கிறது. அதற்கு மேல் ஆங்கிலமும் கற்கிறது.

இவ்வட்டாரத்தில் கல்விக்கும் குறைவில்லை. திருப்பதியில் 1954இல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தோன்றின. அத்தகைய உயர்கல்வி நிலையங்களை அடையும் கிராமத்து மாணவன் கணக்கில் வல்லவனாக இருக்கலாம். வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஓர் ஐயத்தைக் கேட்கும்போதோ நாக்கு தடுமாறுகிறது. எழுதத் தெரிந்தும் பேச இயலாத இக்குறைக்குக் காரணம் என்ன? பல தலைமுறைகளாக நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டுமே கற்றோம். இலக்கணமும் மொழிபெயர்ப்பும் பயின்றோம். செவியும் நாவும் பயிற்சியின்றி நின்றன.

இக்குறையைப் போக்க முதலில் முன்வந்த கருவி வானொலி. 1943ஆம் ஆண்டிலேயே பி.பி.சி. நிறுவனம் வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் ஏற்பட்டது. இன்று அது மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. வானொலி செய்த தொண்டு பெரிது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. வானொலி பேசும்; நாம் பேசுவதை அது கேளாது. விரைந்து சென்ற சொல்லை 'மறுபடி ஒருமுறை சொல்க' என்று அதனிடம் வேண்டவும் இயலாது.

இன்றைய கருவிகள் அவ்வெல்லையைத்தான் கடந்திருக்கின்றன. இணைய அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால், அதன் ஒலியை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். காணொளிப் பாடத்தின் வேகத்தைக் குறைத்துப் பேசுபவரின் உதட்டசைவைக் கவனிக்கலாம். நம் குரலைப் பதிவு செய்து மூலக்குரலோடு ஒப்பிடலாம். நாம் சொல்வதைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி இன்று சாதாரணக் கைபேசியிலும் உண்டு. கூகுள் நிறுவனம் 2019இல் இந்தியாவில் 'போலோ' என்னும் செயலியை வெளியிட்டது. குழந்தை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் இச்செயலி, பின்னர் வேறு பெயர் பெற்றுத் தமிழிலும் தெலுங்கிலும் பயன்படுமாறு விரிவடைந்தது.

இத்தகைய கருவியால் உண்மையில் பயன் விளையுமா என்பதை ஐதராபாத்தில் சோதித்துப் பார்த்தனர். சுகதா மித்ராவும் அவருடைய தோழர்களும் நடத்தி, 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. பதினாறு மாணவர்கள் நால்வர் நால்வராகக் கணினி முன் அமர்ந்தனர். சொல்வதை எழுத்தாக்கும் மென்பொருளும் சில ஆங்கிலத் திரைப்படங்களும் அவர்களுக்குத் தரப்பட்டன. கணினி தம் பேச்சைப் பிழையின்றி எழுதும் வரையில் அவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு முயன்றனர். சில மாதங்களில் அவர்களுடைய உச்சரிப்புத் தெளிவுற்றதாக ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நால்வர்க்கு ஒரு கருவி போதுமாயிருந்தது என்பது நாம் கருதத்தக்கது. ஆளுக்கொரு கைபேசி இல்லாத வகுப்பறையிலும் இம்முறை இயலும்.

இனி, நம் சித்தூர்ப் பிள்ளையிடம் வருவோம். மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்' என்றே அமையும். குண்டூசியும் 'பின்', குப்பைத் தொட்டியும் 'பின்'. இது தமிழ் எழுத்தின் குறையன்று. வல்லினம் எங்கே வன்மையாகவும் எங்கே மென்மையாகவும் ஒலிக்கும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே தமிழில் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. தனி எழுத்துத் தேவைப்படவில்லை. ஒலிகள் இதழிலும் பல்லிலும் அண்ணத்திலும் பிறக்கும் வகையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் நுணுகி ஆராய்ந்திருப்பதை யாவரும் அறிவர். ஆயினும் ஆங்கிலத்தில் அந்த ஒலி வேறுபாடே பொருள் வேறுபாடாகிறது.

இங்கேதான் சித்தூர்ப் பிள்ளைக்கு ஒரு செல்வம் கைவசம் இருக்கிறது. தெலுங்கு நெடுங்கணக்கில் ககரத்திற்கு நான்கு எழுத்துகள், பகரத்திற்கும் நான்கு. தெலுங்கு படிக்கும் தமிழ்ப் பிள்ளை அந்த ஒலி வேறுபாட்டை முன்பே அறிந்திருக்கிறது. 'ஆட்டுக்கு மூன்றாம் ககரம், அங்கிக்கு முதல் ககரம்' என்று ஆசிரியர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்; பிள்ளை பற்றிக்கொள்ளும். மேலும், சொல்லின் முதலில் வரும் பகரத்தை ஆங்கிலேயர் ஒரு சிறு மூச்சோடு ஒலிப்பர். அம்மூச்சு இல்லாமல் நாம் குண்டூசி என்று சொன்னால், அவர் செவிக்கு அது குப்பைத் தொட்டியாகக் கேட்கக்கூடும். மூச்சொலி எழுத்தையும் தெலுங்கு அறிந்த பிள்ளை கண்டிருக்கிறது. பெங்களூரில் கன்னடமும், மும்பையில் மராத்தியும், தில்லியில் இந்தியும் பயிலும் நேயர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அம்மொழிகளின் எழுத்திலும் இவ்வேறுபாடு உண்டு.

தமிழும் தெலுங்கும் கைகொடுக்காத இடங்களும் உள்ளன. மேற்கையும் உள்ளாடையையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை நாம் 'வெஸ்ட்' என்று ஒன்றாகவே சொல்கிறோம். முன்னதற்கு இதழ் குவிய வேண்டும். பின்னதற்கு மேற்பல் கீழிதழைத் தொட வேண்டும். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்றும், 'கப்' என்பதைக் 'கப்பு' என்றும் இழுப்பது இரு மொழியினர்க்கும் பொதுவான பழக்கம். இவ்விடங்களில்தான் காணொளியும் ஒலிப்பதிவும் பேருதவி செய்கின்றன.

பயிற்சி முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஓர் இணைச் சொல்லை எடுத்துக்கொள்க. மூன்று முறை கேட்க, உதட்டைப் பார்க்க, சொல்லிப் பதிவு செய்க, மூலத்தோடு ஒப்பிடுக. பின்னர்க் கைபேசியிடம் சொல்லி, அது என்ன எழுதுகிறது என்று காண்க. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. கருவி ஒலியை மட்டும் நம்பி எழுதுவதில்லை. சொற்றொடரின் போக்கை வைத்து ஊகிக்கவும் செய்கிறது. 'ஆடு புல் தின்கிறது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னால், நாம் பிழையாக ஒலித்தாலும் அது சரியாகவே எழுதிவிடக்கூடும். ஆகவே, 'நான் ஓர் ஆட்டைக் கண்டேன்', 'நான் ஓர் அங்கியைக் கண்டேன்' என்பன போல, இரு சொல்லும் பொருந்தும் தொடர்களையே சோதனைக்குக் கொள்க. கருவி தவறாக எழுதினால் பிள்ளைமீது உடனே குற்றம் சாட்டவும் வேண்டாம். நம் நாட்டு உச்சரிப்பைக் கருவிகள் பிழைபடக் கேட்பதும் உண்டு. இறுதித் தீர்ப்பை ஆசிரியரின் செவியே வழங்க வேண்டும்.

ஆசிரியரை விலக்கிவிட்டுக் கருவியை மட்டும் நம்பலாகாது என்பதற்கு ஆந்திர மாநிலமே ஒரு பாடம் தந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அம்மாநில அரசு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கையடக்கக் கணினிகளை வழங்கத் தொடங்கியது. அவற்றிலிருந்த பாடங்கள் ஒரு தனியார் நிறுவனத்தினுடையவை. 2024இல் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. நிறுவனங்கள் வரும், போகும். செயலிகளின் பெயரும் மாறும். எந்தக் கருவியையும் கையாண்டு பாடம் நடத்தும் பயிற்சியை ஆசிரியர் பெற்றுவிட்டால், அது பள்ளியிலேயே தங்கும். கட்டுரையை முழுதாக எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இன்று உள்ளன. பிள்ளை எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் அவை துணை; பிள்ளைக்குப் பதிலாக எழுதச் சொன்னால் அவை கேடு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆங்கிலத்திற்காக வீட்டுத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. பொருள் விளங்கிய பின்னரே சொல் மனத்தில் நிற்கும். பொருளை விளக்கும் விளக்கு தாய்மொழி. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத்தளத்தில் படக்கதைகள் பல மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே கதையைப் பாட்டி தமிழில் படித்துக் காட்டட்டும். பள்ளித் தோழன் தெலுங்கில் படிக்கட்டும். பிள்ளை அதையே ஆங்கிலத்தில் உரக்கப் படிக்கட்டும். கதை முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொல்லின் பொருள் தானே விளங்கும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்று, நம் அரசியலமைப்பில் 1956இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுவதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்குச் சான்றும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். திருப்பதியிலும் வேலூரிலும் பயின்றார். பின்னர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்து ஆங்கிலத்தில் இந்தியத் தத்துவத்தை உலகுக்கு விளக்கினார். வங்கமொழியில் இரவீந்திரநாத் தாகூர் இயற்றிய பாடல், நாட்டுப்பண் ஆவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1919இல் அவராலேயே ஆங்கிலமாக்கப்பட்டது. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில்தான் அப்பணி நிகழ்ந்தது. தம் மொழியில் செல்வம் உடையவர்க்கே ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவும் பொருள் இருக்கும்.

ஆதலின், வேற்று மாநிலத் தமிழ்ப் பெற்றோரே! கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அகன்றுவிடாதீர்கள். பத்து நிமிடம் உடன் அமருங்கள். அவன் படிக்கும் ஆங்கிலக் கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் பாட்டியும் அந்தப் பாடத்தில் பங்குகொள்ளலாம். அவர்களிடம் சொல்லிக் காட்டும் பிள்ளை, தான் படித்ததை இருமுறை கற்கிறது.